தீவுக் காய்ச்சலின் பாக்கி

சார்தீனியத் தீவின் பழைய கிராம வீடுகள் சிலவற்றில், ஸ்டென்சில் வைத்து அடித்த 'டி.டி.டி.' என்ற எழுத்துகளையும் பக்கத்தில் ஒரு தேதியையும் இன்றும் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு வீடு வீடாக மருந்து அடிக்கப் போனவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் அது. நம்மூரில் கொஞ்சம் வயதானவர்களுக்கு இது புதிதில்லை. மலேரியா ஒழிப்புக்காரர்கள் வாளியும் பம்புமாக வருவார்கள், சட்டி பானைகளை வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள், அடித்து முடித்ததும் வாசல் சுவரில் தேதியைக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். இந்தியாவில் அந்தத் திட்டம் 1953இல் தொடங்கியது. சார்தீனியாவில் அதற்கு ஏழு வருடம் முன்பே.

அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை இத்தாலிய அரசோடு சேர்ந்து 1946இல் ஆரம்பித்த வேலை அது. குறி, அனாஃபிலிஸ் லப்ராங்கியே என்ற ஒரே ஒரு கொசு இனம். அதைத் தீவிலிருந்து பூண்டோடு ஒழிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் திட்டம். ஆயிரக்கணக்கான ஆட்கள் இறங்கினார்கள். வீடு, தொழுவம், கிணறு, ஓடை, சதுப்பு எதையும் விடவில்லை. ஐந்து வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது கொசு ஒழியவில்லை, அங்கேயேதான் இருந்தது. ஆனால் 1946இல் சுமார் 75,000 பேருக்கு வந்த மலேரியா, 1951இல் ஒன்பது பேருக்குத்தான் வந்திருந்தது. கொசுவைக் குறிவைத்தார்கள், காய்ச்சல் விழுந்தது.

அந்தக் காய்ச்சலுக்குத் தீவில் வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கி.பி. 19இல் ரோமப் பேரரசர் டைபீரியஸ் காலத்தில், யூத, எகிப்திய வழிபாட்டுக்காரர்கள் என்று சொல்லி 4,000 பேரைக் கொள்ளையர்களை அடக்க சார்தீனியாவுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்க் காற்றுக்கே செத்துப்போனாலும் பெரிய நஷ்டமில்லை என்பது ஆட்சியாளர்களின் எண்ணம் என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். ஒரு ஊரின் காற்றே தண்டனை என்றால், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? நிறைய பேர் குழந்தையிலேயே போனார்கள். போகாதவர்கள் பிள்ளை பெற்றார்கள். இப்படி எத்தனையோ தலைமுறை.

நான் மருத்துவம் படித்தவனில்லை, வரலாறு படித்தவன். சார்தீனியாவுக்குள் நான் போனது மலேரியாவுக்காகவும் இல்லை, லூபஸ் என்ற வேறொரு நோய்க்காக. ஒன்றைத் தேடிப் போய் இன்னொன்றின் வாசலில் நின்ற கதை இது.

ஹால்டேனின் யோசனை

மத்தியதரைக் கடலோரத்தில் தலசீமியா என்ற ரத்த நோய் அதிகம். தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைக் கொடுத்துவிட்டால், பிள்ளைக்கு ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் அந்தப் பிள்ளைகள் பிழைப்பதே அபூர்வம். ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தால் லேசான சோகையோடு போய்விடும். கேள்வி என்னவென்றால், பிள்ளைகளைக் கொல்லும் ஒரு மரபணு தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து மறைய வேண்டாமா? ஏன் இவ்வளவு பேரிடம் இருக்கிறது?

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் வெளியான ஒரு கட்டுரையில் ஒரு யோசனையைச் சொன்னார். ஒற்றைப் பிரதி வைத்திருப்பவர்களை மலேரியாவால் அவ்வளவு சுலபமாகக் கொல்ல முடியாமலிருக்கலாம். அப்படியானால், இரட்டைப் பிரதியால் சாகும் பிள்ளைகளின் கணக்கை ஒற்றைப் பிரதியால் பிழைக்கும் பிள்ளைகள் ஈடுகட்டிவிடுவார்கள். மரபணு ஊரில் தங்கிவிடும். (இதே ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்கே குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானவர்.)

யோசனையைச் சோதிக்க சார்தீனியா வசதியான இடம். சமவெளிக் கிராமங்களில் மலேரியா கடுமை. மலைக் கிராமங்களில் குறைவு. மக்கள் ஏறத்தாழ ஒரே வம்சாவளி. மார்செல்லோ சினிஸ்கால்கோவும் அவருடைய சகாக்களும் 1961இல் வெளியிட்ட ஆய்வில் தாழ்வான கிராமங்களில் தலசீமியா மரபணு அதிகம், உயரமான கிராமங்களில் குறைவு என்று காட்டினார்கள். அவரை வகையில் ஒன்றான ஃபாவாவைத் தின்றால் சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் பூக்குமே, அந்தக் குறைபாடும் அதே மாதிரிதான். மலேரியா எங்கே இருந்ததோ அங்கே அதுவும் கூடவே இருந்தது.

இவை எல்லாம் சிவப்பணு சம்பந்தப்பட்டவை. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் குடியிருக்கிறது, ஆகவே வீட்டை மாற்றிக்கட்டியவர்கள் பிழைத்தார்கள். ஆனால் கிருமியோடு நேரடியாகச் சண்டை போடுவது வெள்ளையணுக்கள். வீட்டையே மாற்றிய காய்ச்சல், காவல்காரர்களை மட்டும் சும்மா விட்டிருக்குமா? இந்தக் கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் வர இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது. பதில் வந்த வழி, லூபஸ் வழி.

ஓநாயின் பெயர்

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தை அரித்துத் தின்னும் புண்களுக்கு இடைக்கால ஐரோப்பாவில் வைத்த பெயர். அதில் பல நோய்கள் கலந்து கிடந்தன, தோலில் வரும் காசநோய் உட்பட. பாரிஸில் பியர் கசனாவ் 1851இல் இப்போது நாம் சொல்லும் லூபஸுக்கு 'எரித்திமாட்டோசஸ்', அதாவது செம்மை படர்ந்தது, என்ற அடைமொழியைக் கொடுத்துத் தனியாகப் பிரித்தார். வியன்னாவில் ஹீப்ரா, இரண்டு கன்னங்களிலும் மூக்கின் மேலும் படரும் அந்தச் சிவப்பை வண்ணத்துப்பூச்சியோடு ஒப்பிட்டார். அவருடைய மருமகன் கபோசி 1872இல், இது தோலோடு நிற்கும் நோய் இல்லை, காய்ச்சல், மூட்டுவலி, உள்ளுறுப்புப் பாதிப்பு எல்லாம் சேர்ந்தது என்று எழுதினார்.

ஏன் வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு ஒரு பெரிய மனிதரின் சொல்லும் ஒரு காரணம். 1900 வாக்கில் ஜெர்மனியில் பால் எர்லிக் ஆடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். வேறு ஆட்டின் ரத்தத்தைச் செலுத்தினால், அதை அழிக்கும் பொருளை ஆட்டின் உடல் உண்டாக்கியது. ஆனால் சொந்த ரத்த அணுக்களை அது தொடவில்லை. உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்வதற்கு அஞ்சும் என்று எர்லிக் அதற்கு ஒரு லத்தீன் பெயர் வைத்தார்: ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ். தன்னைத் தாக்காமலிருக்க உடலில் தடைகள் உண்டு என்பதுதான் அவர் சொன்னது. பின்னால் வந்தவர்கள் அதை, உடம்பு தன்னைத் தாக்கவே தாக்காது என்று சுருக்கிக்கொண்டார்கள். அரை நூற்றாண்டுக்கு அந்தச் சுருக்கம்தான் ஆட்சி செய்தது.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸும் சகாக்களும் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் விசித்திரமான வெள்ளையணுக்களைப் பார்த்தார்கள். இன்னொரு செல்லின் கருவை முழுசாக விழுங்கி வைத்திருந்தன. 'எல்.ஈ. செல்' என்று பெயர் வந்தது. 1957இல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள், லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் டி.என்.ஏ.வையே தாக்கும் ஆன்டிபாடிகள் இருப்பதைக் கண்டன. அதாவது உடம்பு தன் சொந்தச் செல்களின் கருவுக்கு எதிராகவே ஆயுதம் செய்து வைத்திருக்கிறது. இன்றைக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் 'ஏ.என்.ஏ. டெஸ்ட்' அந்த வருடத்துக் கண்டுபிடிப்புகளின் வாரிசு.

ஆன்டிபாடி செய்வது பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். இந்தக் கட்டுரையில் இனி அடிக்கடி வரப்போவது அவைதான்.

யார் பக்கம்?

என் சித்தி மகளுக்கு 24 வயதில் லூபஸ் என்று சொன்னார்கள். அதற்கு முன் ஒன்றரை வருடம் மூட்டுவலிக்கு ஒரு டாக்டர், முகத்துச் சிவப்புக்கு ஒரு டாக்டர், முடி கொட்டுவதற்கு ஒரு டாக்டர். சிறுநீரில் புரதம் போகிறது என்று தெரிந்த பிறகுதான் எல்லாம் ஒரே நோய் என்று ஆனது. பெயர் தெரிந்த வாரமே, பார்க்க வந்த சித்தியின் நாத்தனார் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, உங்க பக்கத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா? எங்க வம்சத்துல இந்த மாதிரி கெடையவே கெடையாது."

சித்தி பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பல மாதம் அவர் செத்துப்போன பெரியம்மாக்களையும் அத்தைகளையும் ஒவ்வொருவராக நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு முட்டி வீங்கியிருந்தது, யாருக்கு முடி கொட்டியது என்று. பரம்பரை நோய் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஒரு விலாசம் வேண்டும். பெரும்பாலும் அது பெண்ணின் பிறந்த வீட்டு விலாசமாகத்தான் இருக்கும். லூபஸ் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பதால், கேள்வி பாட்டி, அம்மா, மகள் என்று ஒரே வரிசையில் இறங்குகிறது.

அந்தக் கேள்விக்கு உருப்படியாக ஒரு பதில் வேண்டும் என்றுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். மரபணு காரணமா என்றால், ஆமாம், ஓரளவு. 1992இல் வெளியான ஒரு இரட்டையர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 24 சதவீதம். தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரில் 2 சதவீதம். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம், ஆகவே மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு மரபணுவும் அச்சு அசலாக இருந்தும், நான்கில் மூன்று பேருக்கு நோய் வரவில்லை. மரபணு கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே வருவதற்கு வெயில், கிருமித் தொற்று, ஹார்மோன், சில மருந்துகள், தற்செயல் எல்லாம் சேர வேண்டும்.

எந்தப் பக்கம் என்பதற்கு நியூசிலாந்து எலிகள் பதில் சொல்லின. டூனிடினில் ஒட்டகோ பல்கலைக்கழகத்தில் மரியான் பீல்ஷோவ்ஸ்கி வளர்த்த கறுப்பு எலிகளுக்குச் சொந்தச் சிவப்பணுக்களையே அழித்துக்கொள்ளும் ரத்தச்சோகை வருவது 1959இல் தெரிந்தது. அங்கேயே வெள்ளை எலி இனம் ஒன்றும் இருந்தது. அதற்குப் பெரிதாக ஒன்றும் வராது. இரண்டையும் இணைசேர்த்தபோது பிறந்த குட்டிகளுக்கு, மனிதருக்கு வரும் லூபஸ் போலவே சிறுநீரகம் கெட்டது. அதிலும் பெண் எலிகளுக்கு முன்னதாகவே. ஹெலியரும் ஹோவியும் 1963இல் இதை வெளியிட்டார்கள். நோயே இல்லாத வெள்ளைப் பக்கமும் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் குட்டிக்கு லூபஸ் வந்தது. 'எங்க வம்சத்துல கெடையவே கெடையாது' என்று அந்த வெள்ளை எலியும் நியாயமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

1971 முதல் மனிதரிலும் மரபணுக்கள் அகப்படத் தொடங்கின. முதலில் எச்.எல்.ஏ. வகைகள், பின்னால் 2008 வாக்கில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் சல்லடை போட்ட ஆய்வுகள். இப்போது நூறுக்கும் மேற்பட்ட இடங்கள் பட்டியலில் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சமே கூட்டுபவை. இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியது. இவற்றில் கணிசமானவை தோலிலோ மூட்டிலோ வேலை செய்யும் மரபணுக்கள் இல்லை. வெள்ளையணுக்களில் வேலை செய்பவை.

இபாதானில் இல்லாத நோய்

1960களில் பிரையன் கிரீன்வுட் என்ற இளம் ஆங்கிலேய மருத்துவர் நைஜீரியாவின் இபாதான் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை பார்த்தார். லண்டன் வார்டுகளில் சாதாரணமாகப் பார்க்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் அங்கே கண்ணில் படவில்லை. பத்து வருடப் பதிவேடுகளைப் புரட்டினார். ஏறத்தாழ ஒரு லட்சம் உள்நோயாளிகளில் நூறு சொச்சம் பேர்தான். 1968இல் 'லான்செட்' இதழில் எழுதினார்: சிறுவயதிலிருந்தே மலேரியா போன்ற ஒட்டுண்ணிகளோடு வாழ்வது, இந்த நோய்கள் வராமல் தடுக்கிறதோ?

1970இல் அடுத்த படி. மேலே சொன்ன நியூசிலாந்து எலிகளையே எடுத்து, எலிகளுக்கு வரும் மலேரியாவைத் தொற்றவைத்தார்கள். அவற்றின் தன்னெதிர்ப்பு நோய் அடங்கியது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சத்தில் வந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு, வெள்ளையினப் பெண்களைவிட லூபஸ் இரண்டு மூன்று மடங்கு அதிகம். மலேரியா இருக்கும் ஊரில் அபூர்வம், அங்கிருந்து வந்து மலேரியா இல்லாத ஊரில் வாழும் சந்ததியில் அதிகம். ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் நோய் கண்டுபிடிக்கப்படாமலே போனதும் இதில் உண்டு, அமெரிக்காவில் வறுமையும் பாரபட்சமும் நோயைக் கடுமையாக்குவதும் உண்டு. ஆனாலும் மலேரியாவுக்காகக் கூர்தீட்டிய நோயெதிர்ப்பு, மலேரியா போனபின் சொந்த உடம்பின் மேல் திரும்புகிறதா என்ற கேள்வி அன்றிலிருந்து மேசையில் இருக்கிறது.

2010இல் கேம்பிரிட்ஜில் கென்னத் ஸ்மித்தின் குழு ஒரு மரபணுவைச் சுட்டிக்காட்டியது. பி செல்லின் மேல் பிரேக் மாதிரி ஒரு புரதம் உண்டு, 'போதும், ஆன்டிபாடி செய்வதை நிறுத்து' என்று சொல்வது. அந்தப் பிரேக்கைத் தளர்த்தும் ஓர் எழுத்து மாற்றம் இரட்டைப் பிரதியாக இருந்தால் லூபஸ் ஆபத்து கூடுகிறது. அதே இரட்டைப் பிரதி கென்யக் குழந்தைகளைக் கடுமையான மலேரியாவிலிருந்து காக்கிறது. அந்த மாற்றம் ஐரோப்பியரிடம் குறைவு, ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அதிகம். ஹால்டேனின் யோசனை சிவப்பணுவிலிருந்து வெள்ளையணுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஒலியாஸ்ட்ராவின் நாலு ஊர்கள்

சார்தீனியாவின் கிழக்கே ஒலியாஸ்ட்ரா மலைப்பகுதியில் லனுசெய், இல்போனோ, அர்சானா, எலினி என்று நாலு ஊர்கள். அங்கே 2001இல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பாட்டி, மகள், பேரன், சித்தப்பா என்று குடும்பம் குடும்பமாக வந்து ரத்தம் கொடுத்தார்கள், திரும்பவும் கூப்பிட்டபோது திரும்பவும் வந்தார்கள். நோயாளிகளை மட்டும் பார்க்காமல் ஊரையே பார்த்தது இதன் சிறப்பு.

ஃபிரான்செஸ்கோ குக்காவின் குழு அந்த ரத்தத்தில் செய்த வேலை பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒவ்வொருவர் ரத்தத்திலும் எந்த வெள்ளையணு எத்தனை என்று எண்ணினார்கள். 2013இல் வெளியான முதல் சுற்றில் 1,629 பேர், 272 விதமான அளவுகள். 2020இல் 3,757 பேர், 731 அளவுகள். ஒருவருக்கு இந்த வகை செல் ஏன் அதிகம், அந்த வகை ஏன் குறைவு என்பதில் மரபணுவுக்கு எவ்வளவு கை இருக்கிறது என்று பார்த்தார்கள். கணிசமான கை இருந்தது. உயரம், நிறம் மாதிரி, நம் ரத்தத்தில் எந்தப் படையில் எத்தனை ஆள் என்பதும் நாம் பெற்றோரிடமிருந்து வாங்கி வருவதுதான்.

இந்த எண்ணிக்கையும் நோயும் சந்தித்த இடத்தை 2017இல் வெளியிட்டார்கள். 13ஆவது குரோமோசோமில் பாஃப் என்ற புரதத்துக்கான மரபணு இருக்கிறது. பாஃப் என்ன செய்கிறது என்பதை ரேஷன் என்று வைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். உடம்பில் தினமும் புதுப் பி செல்கள் பிறக்கின்றன. எந்தக் கிருமி எப்போது வரும் என்று தெரியாததால், எல்லா விதமாகவும் கன்னாபின்னாவென்று செய்யப்படுகின்றன. அதில் சில, சொந்த உடம்பின் பொருள்களையே பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவை பலவீனப்படுத்தப்படுகின்றன. பி செல் உயிரோடிருக்க பாஃப் வேண்டும். ரேஷன் அளவாக இருந்தால் பலவீனமானவை வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் செத்துப்போகும். தாராளமாக இருந்தால் அவையும் பிழைத்துக்கொள்ளும். இது 1999இலேயே எலிகளில் தெரிந்துவிட்டது. பாஃப் மிதமிஞ்சி சுரக்கும்படி செய்த எலிகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது.

சார்தீனியர்களிடம் கண்டது என்ன? மரபணுவின் ஓரிடத்தில் ஜி, சி, டி, ஜி, டி என்ற ஐந்து எழுத்துகளுக்குப் பதிலாக ஏ என்ற ஒரே எழுத்து. புரதத்தின் வடிவம் இதனால் மாறவில்லை. மாறியது, அதற்கான தூது ஆர்.என்.ஏ.வின் வால். சாதாரணமாக அந்த நீள வாலில் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்று வந்து உட்கார்ந்து உற்பத்தியைக் கட்டுப்படுத்தும். எழுத்து மாறியவர்களிடம் வால் முன்னதாகவே வெட்டுப்பட்டுவிடுகிறது. உட்கார இடமில்லை, கட்டுப்பாடும் இல்லை. ஆகவே ரத்தத்தில் பாஃப் கூடுகிறது, பி செல் கூடுகிறது, ஆன்டிபாடி கூடுகிறது. கூடவே லூபஸ் ஆபத்தும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயின் ஆபத்தும் கூடுகின்றன. வடக்கே பிரிட்டனிலும் சுவீடனிலும் நூறு குரோமோசோம்களில் இரண்டில்கூட இந்த மாற்றம் இல்லை. சார்தீனியாவில் நூறில் சுமார் 26.

ஒரு தீவில் மட்டும் ஏன் இவ்வளவு? தற்செயல் மட்டும் காரணமென்றால் இருந்திருக்க வேண்டிய சுவடுகள் வேறு. இயற்கைத் தேர்வு இதைத் தூக்கிப்பிடித்ததற்கான அடையாளங்கள் அந்த மரபணுப் பகுதியில் இருக்கின்றன. தூக்கிப்பிடித்தது மலேரியாவாகத்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் வாதம். இது நேரில் பார்த்த சாட்சி இல்லை, சூழ்நிலைச் சாட்சி. தலசீமியா, ஃபாவா இரண்டும் அதே தீவில் அதே காரணத்துக்காக நிற்பதால், எனக்கு வாதம் பலமாகவே தோன்றுகிறது. ஆன்டிபாடியைத் தாராளமாகச் செய்த குழந்தை ஆகஸ்ட் மாதக் காய்ச்சலைத் தாண்டியது. தாண்டியவள் பாட்டியானாள்.

எவ்வளவு ஆபத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றத்தின் ஒரு பிரதி லூபஸ் வாய்ப்பை ஏறத்தாழ 40 சதவீதம் கூட்டுகிறது. கேட்கப் பயமாக இருக்கும். பத்தாயிரத்தில் பத்துப் பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், பதினான்கு பேருக்கு வரும், அவ்வளவுதான். மேலே சொன்ன கணக்குப்படி தீவில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் குறைந்தது ஒரு பிரதியாவது வைத்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் லூபஸ் என்ற சொல்லையே கேள்விப்படாமல் வாழ்ந்து முடிப்பார்கள். இதில் யார் பக்கம் என்று கேட்பது?

கசப்பு மாத்திரை

லூபஸுக்கு இன்றும் முதலில் எழுதும் மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். அடிப்படையில் அது மலேரியா மாத்திரை. 1894இலேயே லண்டன் மருத்துவர் பெய்ன் லூபஸுக்குக் குயினின் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் மலேரியா வராமலிருக்க மெபாக்கிரின் சாப்பிட்ட சிப்பாய்களில் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டுவலியும் குறைந்தது கவனிக்கப்பட்டது. 1951இல், அதாவது சார்தீனியாவில் மலேரியா ஒன்பது பேராகக் குறைந்த அதே வருடம், பேஜ் என்ற மருத்துவர் லூபஸுக்கு மெபாக்கிரின் பலனளிப்பதை 'லான்செட்'டில் எழுதினார். 1955இல் அமெரிக்காவில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் வந்தது. நீலகிரியில் நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டங்களுக்காகக் காட்டைத் திருத்திய காலத்தில், அந்தப் பட்டையின் செயற்கை வாரிசு ஒன்று நம்மூர் லூபஸ் நோயாளிகளின் தினசரி மாத்திரையாகும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். லூபஸில் அது வேலை செய்வது கிருமியைக் கொன்று அல்ல, வெள்ளையணுக்களுக்குள் இருக்கும் எச்சரிக்கை மணிகளைத் தணித்து. மலேரியாவும் லூபஸும் ஒரே மாத்திரையில் சந்திப்பது தற்செயல்தான். அதை வைத்துப் பெரிய தத்துவம் பேச வேண்டியதில்லை.

தற்செயல் இல்லாத மருந்து 2011இல் வந்தது. பெலிமுமாப், பாஃப் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஊசி. 1955க்குப் பிறகு லூபஸுக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் புது மருந்து. சார்தீனிய ஆய்வு வெளிவந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. மருந்து தொட்ட அதே இடத்தை இயற்கை எப்போதோ தொட்டு, எதிர்த் திசையில் திருகி வைத்திருந்தது தெரியவந்தது. 2022இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் ஜார்ஜ் ஷெட்டின் குழு, எந்த மருந்துக்கும் கேட்காத ஐந்து நோயாளிகளுக்கு, அவர்களுடைய டி செல்களையே மாற்றியமைத்துப் பி செல்களை மொத்தமாகத் துடைத்தது. ஐந்து பேருக்கும் நோய் அடங்கியது. மறுபடி பிறந்த பி செல்கள் பழைய குற்றத்தைச் செய்யவில்லை. ஐந்து பேர் என்பது சின்ன எண்தான். இருந்தாலும் கதையின் மையத்தில் பி செல்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

சார்தீனியாவின் அந்த எழுத்து மாற்றத்தை அப்படியே நம்மூருக்கு இழுத்துவந்து ஒட்டக் கூடாது. லூபஸுக்கு ஒவ்வொரு மக்களிடமும் வேறு வேறு கலவை. சிலருக்கு ஒரே மரபணுவின் முழுப் பழுது. சி1க்யூ என்ற புரதமே இல்லாமல் பிறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு லூபஸ் வந்துவிடும். ஆனால் அவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. 2022இல், ஏழு வயதில் கடும் லூபஸ் கண்ட ஒரு ஸ்பானியச் சிறுமியிடம், எக்ஸ் குரோமோசோமில் உள்ள டி.எல்.ஆர்.7 மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருந்தது தெரியவந்தது. வைரஸைக் கண்டால் அடிக்க வேண்டிய மணி அவளுக்குச் சொந்த உடம்பைக் கண்டாலும் அடித்தது. பெற்றோரிடம் அந்த மாற்றம் இல்லை, அவளிடமே புதிதாகத் தோன்றியது. அங்கே 'யார் பக்கம்' என்ற கேள்விக்குப் பதில்: யார் பக்கமும் இல்லை.

மற்ற பெரும்பாலானவர்களுக்கு, லூபஸ் என்பது நூறு சின்னச் சின்ன மாற்றங்களின் கூட்டுத்தொகை. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. அவற்றில் சில, பழைய கொள்ளைநோய்களில் யாரோ ஒரு குழந்தையைக் காப்பாற்றியதால் நம்மிடம் மிஞ்சியிருப்பவை. கொசு மருந்தால் ஐந்து வருடத்தில் காய்ச்சலை விரட்ட முடிந்தது. காய்ச்சலுக்காக ஊரில் நிறைந்த மரபணு ஐந்து வருடத்தில் போகாது, ஐம்பது தலைமுறையிலும் போகுமா என்பது சந்தேகம். அதுவரை அந்தப் பாக்கியை யாராவது கட்டிக்கொண்டிருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள்.

சித்தியிடம் இந்த எலிக் கதையையும் தீவுக் கதையையும் ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னேன். பாஃப், மைக்ரோ ஆர்.என்.ஏ. எல்லாம் அவருக்கு ஏறவில்லை, ஏற வேண்டிய அவசியமும் இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்போ இது நான் குடுத்தது இல்லையாடா?" நீங்க பாதி, சித்தப்பா பாதி, அதுக்கு மேல வெயிலும் விதியும், என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பாதின்னா பரவால்ல" என்றார்.